60 ஆயிரத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர்: மானிட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி, 2025 ஜூலை 19

அண்ணா, செங்கல்பட்டில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். கேமிங் பிசி ஒன்று அசெம்பிள் பண்ணணும். கையில் 60,000 இருக்கு. வேலரண்ட், ஜிடிஏ 5 ஓடணும், முடிஞ்சா ரெட் டெட் 2. ஒரு கடையில் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 22 இன்ச் மானிட்டர் எல்லாம் சேர்த்து 28,000 என்கிறார்கள். அதை வாங்கலாமா? இல்லை, 60 ஆயிரத்தையும் பெட்டிக்கே போட்டுவிட்டு வீட்டில் இருக்கும் 32 இன்ச் டிவியில் மாட்டிக்கலாமா? மானிட்டர்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு தோணுது.

2025 ஜூலை 19, இரவு

தம்பி, உன் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. முதலில் முடிவு செய்ய வேண்டியதே மானிட்டரைத்தான். பெட்டி அதற்கு அப்புறம்.

கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன வேலை? திரையில் இருக்கிற புள்ளிகளை நொடிக்கு இத்தனை தடவை என்று நிரப்பித் தருவது. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் 36.9 லட்சம். படத்தை நொடிக்கு 60 தடவை மாற்றுகிற மானிட்டரும் இருக்கிறது, 180 தடவை மாற்றுகிறதும் இருக்கிறது (இந்தத் தடவைக் கணக்குதான் ஹெர்ட்ஸ்). இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் கார்டு வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற கதைதான்.

வீட்டு டிவிக்கு வருவோம். 32 இன்ச் என்றால் பெரும்பாலும் 'எச்டி ரெடி', அதாவது 1366×768. அதில் டெஸ்க்டாப் எழுத்தே பிசிறடிக்கும். ஜன்னல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து புரோகிராம் எழுத முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. டிவி தனக்கு வருகிற படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அதற்குப் பிடிக்கிற நேரம், நீ மவுசை அசைப்பதற்கும் திரையில் குறி நகர்வதற்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கேம் மோட் இருந்தால் கொஞ்சம் குறையும். படம் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. வேலரண்டில் முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிடும்.

28,000 ரூபாய் ஐ7 தனிக் கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 20

அந்தக் கொட்டேஷனில் எந்த ஐ7 என்று போட்டிருக்கிறதா பார். போட்டிருக்காது. இந்த விலைக்கு வருவது ஐ7-2600 அல்லது 3770 ஆக இருக்கும். முன்னது 2011இல் வந்தது, பின்னது 2012இல். ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. மதர்போர்டு மட்டும் புதுசாகப் பளபளக்கும். '4 ஜிபி கிராபிக்ஸ்' என்பது அநேகமாக ஜிடி 730. கார்டில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைத்தான் ஜிபி சொல்லும், கார்டு எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லாது. ரெட் டெட் 2 அதில் ஸ்லைடு ஷோவாக ஓடும்.

இன்னொன்று, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஏற்பதில்லை, இவை இரண்டுமே அதற்கு முந்தியவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றினாலும் வேலரண்ட் அங்கே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பழைய போர்டில் அதற்கு எங்கே போவது?

இதில் அழகு என்னவென்றால் கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஐ7தான். 4 ஜிபிதான். கேபினட்டில் ஏழு கலர் லைட்டும் எரியும்.

ஜூலை 26

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் வேறு வேலையாகப் போனேன், அப்படியே விலை விசாரித்துவிட்டு வந்தேன். கடைக்குக் கடை ஐநூறு ஆயிரம் மாறும், அதனால் ஏறத்தாழ என்றே எடுத்துக்கொள். எல்லாம் பில்லோடு, ஜிஎஸ்டி சேர்த்து.

ரைசன் 5 5600 பிராசசர் 9,500. பி550 போர்டு 8,500. டிடிஆர்4 ரேம் 8 ஜிபி இரண்டு ஸ்டிக் 3,400. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,000. ஆர்எக்ஸ் 6600 கார்டு 20,000. 'பிரான்ஸ்' (Bronze, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான முத்திரை) வாங்கிய 550 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, 4,000. காற்றோட்டமான கேபினட் 3,000. பெட்டி மட்டும் 53,400 ஆகிறது. 24 இன்ச், 180 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் மானிட்டர் 10,000. மொத்தம் 63,400.

மூவாயிரத்துச் சொச்சம் இடிக்கிறது. எல்லோரும் இந்த இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் கை வைப்பார்கள். வேண்டாம். போர்டை பி450 ஆக்கினால் 2,000 மிச்சம். எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்கினால் இன்னொரு 2,000. 59,400க்குள் வந்துவிட்டது. கீபோர்டு, மவுஸ் வீட்டில் இருப்பதே போதும்.

பி450 போட்டால், கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐஇ என்ற பாதை பழைய 3.0 வேகத்தில்தான் ஓடும். ஆர்எக்ஸ் 6600க்கு அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) இருப்பதால் அதில் போவது சொற்பம். இதே கணக்கை ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்குப் போடாதே. அதற்கு நாலே லேன், 4 ஜிபி நினைவகம். பழைய போர்டில் திணறும். இரண்டு பெயரும் ஒரே குடும்பம் மாதிரி இருப்பதால் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

ஆர்எக்ஸ் கார்டு ஏஎம்டி கம்பெனியுடையது, என்விடியாதான் வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த விலைக்குக் கிடைப்பது ஆர்டிஎக்ஸ் 3050. கேமில் 6600 அதைவிடக் கணிசமாக வேகம். பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ என்று நீ போகப்போகிறாய் என்றால் சொல், அப்போது என் பேச்சு மாறும். வேலரண்டுக்கும் ரெட் டெட்டுக்கும் மாறாது. ஒரு எச்சரிக்கை: 3050 இரண்டு ரகம். 8 ஜிபி ஒன்று, 2024இல் வந்த 6 ஜிபி ஒன்று. பின்னது நினைவகத்தில் மட்டும் குறைந்ததில்லை, சிப்பிலேயே சிறியது.

ஜூலை 27

'எதிர்காலத்துக்கு ஏஎம்5 போடலாமே, ஏஎம்4 முடிந்துபோன பாதையாச்சே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏஎம்4 என்பது நாம் எடுத்த ரைசன் 5600 உட்காரும் பழைய சாக்கெட், ஏஎம்5 அதற்கு அடுத்தது. முடிந்துபோன பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் 60 ஆயிரத்தில் ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் வாங்கினால் அந்தக் காசு கார்டிலிருந்துதான் போகும். 80 ஆயிரம் வைத்திருப்பவர்களுக்கு நானும் ஏஎம்5தான் சொல்வேன்.

ஆகஸ்ட் 2

மானிட்டர். நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வந்தாச்சு.

பேனல் மூன்று ரகம்: டிஎன், விஏ, ஐபிஎஸ். டிஎன் இப்போது அதிகம் இல்லை, விட்டுவிடு. விஏவில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். இருட்டு அறையில் படம் பார்க்க அதுதான் சுகம். என் வீட்டில் இருப்பது 27 இன்ச் விஏ. அதில் ஒரு கேமின் இரவுக் காட்சியில் குதிரையை ஓட்டிக்கொண்டு போனால் மரங்களுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு தீற்றல் இழுபடும், ஈரக் கையால் மை எழுத்தைத் தொட்டதுபோல. கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற அந்தப் பேனலுக்கு நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். சிலருக்கு இது கண்ணிலேயே படாது. எனக்கு ஒரு தடவை பட்டதிலிருந்து அது மட்டும்தான் படுகிறது. அதனால் விளையாட்டுக்கு, இந்த விலையில், ஐபிஎஸ். அதிலும் குறை உண்டு: கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும், இருட்டில் மூலைகள் லேசாக வெளுத்துத் தெரியும்.

அட்டைப்பெட்டியில் '1 எம்எஸ்' (புள்ளி நிறம் மாற ஒரு மில்லிசெகண்டு) என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதே. அதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறை உண்டு. கம்பெனி தனக்கு வசதியானதைத்தான் போடும். 'எச்டிஆர்' (இருட்டையும் பளிச்சென்ற வெளிச்சத்தையும் ஒருசேரக் காட்டும் வசதி) என்பதையும் இந்த விலையில் மறந்துவிடு. 300 நிட்ஸ் வெளிச்சத்தில் எச்டிஆர் என்றால் சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும் அர்த்தம்.

ஹெர்ட்ஸ் மட்டும் நிஜம். 60இல் ஒரு படம் 16.7 மில்லிசெகண்டு நிற்கிறது. 100இல் 10. 144இல் 6.9. 180இல் 5.6. எண்களைப் பார்த்தாலே தெரியும், பெரிய தாவல் 60க்கும் 100க்கும் நடுவில்தான். 180க்கும் 240க்கும் நடுவில் ஒன்றரை மில்லிசெகண்டுகூட இல்லை. 240 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் போட்டிகளில் ஆடுகிறவர்களாக இருக்கட்டும்.

24 இன்ச்சில் 1080 என்றால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 92 புள்ளி. அதே 1080ஐ 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82தான். எழுத்து தடிக்கும். '27 இன்ச், ஃபுல் எச்டி, ஆயிரம் ரூபாய்தான் அதிகம்' என்று கடையில் இழுப்பார்கள்.

ஆகஸ்ட் 3

நேற்று எழுதியதைப் படித்தபோது எனக்கே இன்னொரு யோசனை. மானிட்டர்தான் முதலில் என்று சொல்லிவிட்டு, அதற்கு 10,000 மட்டும் ஒதுக்குவது சரியா? கார்டை மூன்று நாலு வருஷத்தில் மாற்றுவாய். மானிட்டர் அதற்கு மேலும் கிடக்கும். 27 இன்ச் 1440 ஐபிஎஸ் 17,000லிருந்து கிடைக்கிறது. இன்ச்சுக்கு 109 புள்ளி. நாள் முழுக்க கோடு எழுதுகிறவன் கண்ணுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனால் புள்ளிகள் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. 6600 அதில் வேலரண்டை ஓட்டிவிடும், ரெட் டெட்டில் மூச்சு வாங்கும். சரி, அந்தத் திரையிலேயே 1080இல் ஓட்டலாமே என்றால், 1440ஐ 1080ஆல் சரியாக வகுக்க முடியாது. ஒரு புள்ளியை ஒன்றே முக்கால் சொச்சம் புள்ளிகளுக்குப் பரப்ப வேண்டும், படம் மசமசவென்று ஆகிவிடும். எஃப்எஸ்ஆர் (குறைந்த புள்ளியில் வரைந்துவிட்டு மென்பொருளால் பெரிதாக்கும் உத்தி) கொஞ்சம் காப்பாற்றும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விளையாட்டு வேலரண்டும் கவுன்டர்-ஸ்டிரைக் 2உம் மட்டும், மீதி நேரம் படிப்பு என்றால் 1440 வாங்கு, 7,000 கூடுதலாகத் தேற்று. ரெட் டெட் 2 உண்மையிலேயே வேண்டுமென்றால் 24 இன்ச் 1080. நீதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 3, சற்று பிறகு

'ரெட் டெட்தான் அண்ணா முக்கியம்' என்று பதில் வந்துவிட்டது. 'முடிஞ்சா' என்று கேட்டவன். சரி, 24 இன்ச்.

ஆகஸ்ட் 9

இன்று தம்பி எலெக்ட்ரிக் டிரெயினில் வந்திறங்கினான். சேர்ந்தே வாங்கினோம். கேட்டுவிட்டு வந்த கடையில் பாக்ஸ் பிராசசர் இல்லை, 'டிரே' எடுத்துக்கோங்க, 700 குறைவு என்றார்கள். அட்டைப்பெட்டி இல்லாமல் வருவது டிரே. கூலர் தனியாக வாங்க வேண்டும், வாரண்டிக்கு அந்தக் கடையைத்தான் நம்ப வேண்டும். பக்கத்துக் கடையில் பாக்ஸாகவே எடுத்தோம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒரு சின்ன நாடகம். பில்லில் நாம் சொன்ன மாடல். மேஜைக்கு வந்தது அதே கம்பெனி, அதே 550 வாட், ஆனால் வேறு சீரிஸ், பிரான்ஸ் முத்திரை இல்லை. 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்றார் பையன். ஒன்றென்றால் விலை ஏன் 1,300 வித்தியாசம் என்று கேட்டதும் உள்ளே போய்ச் சரியானதை எடுத்து வந்தார். ரேமையும் பிரித்துப் பார்த்தே வாங்கினோம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காகத் தருவார்கள். இரண்டு எட்டாக இருந்தால்தான் இரண்டு சேனலிலும் ஓடும், கேமில் அது தெரியும்.

மானிட்டரை அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். முழுத் திரைக்கும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகப் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று மூக்கு இடிக்கப் பார்த்தான். கடைக்காரருக்குப் பொறுமை ஜாஸ்தி. அப்புறம் அந்த நீள அட்டைப்பெட்டியை மடியில் கிடத்திக்கொண்டு டிரெயினில் போனானாம்.

ஆகஸ்ட் 15

லீவு நாள், இன்று அவனே அசெம்பிள் செய்தான். ராத்திரி போன்: 'அண்ணா, போர்டு போயிடுச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் கறுப்பு.'

எச்டிஎம்ஐ கேபிளை எங்கே சொருகியிருக்கிறாய் என்று கேட்டேன். பின்பக்கம் மேலே, யூஎஸ்பிக்குப் பக்கத்தில் என்றான். அது போர்டின் வாய். ரைசன் 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, அந்த வழியாக எதுவும் வராது. கீழே படுக்கை வாட்டில் கார்டின் வாய் இருக்கும், அதில் சொருகு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, அப்புறம் அவன் அம்மா சிரிக்கிற சத்தம்.

ஆகஸ்ட் 16

திரை வந்தால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். இரண்டு இடம் பார்க்க வேண்டும். 180 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் பெரும்பாலும் விண்டோஸ் 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். டிஸ்பிளே செட்டிங்கில் போய் நாமே மாற்ற வேண்டும். பழைய எச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் 180 பட்டியலிலேயே வராமல் போகலாம், டிஸ்பிளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள். மாசக்கணக்கில் 60இல் ஆடிவிட்டு 'பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லப்பா' என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அடுத்தது ரேம். 3200 என்று வாங்கியது டாஸ்க் மேனேஜரில் 2133 என்றோ 2400 என்றோ தெரியும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால் 3200க்கு வந்துவிடும். செலவில்லாத வேகம்.

ஆகஸ்ட் 18

கேபினட்டைத் தொட்டால் கூசுகிறது, லேசாக ஷாக் அடிக்கிறது என்கிறான். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, சுவர் பிளக்கில்தான் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே வடிகட்டிக்கு இருக்கும் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பி வைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் கேபினட் தகரம் மெயின்ஸ் வோல்டேஜில் பாதி அளவில் மிதக்கும், அதுதான் கூசுகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரி செய்யச் சொன்னேன். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகுகிற வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

அவன் அப்பாவின் கவலை கரண்ட் பில். மானிட்டரோடு சேர்த்து விளையாடும்போது 300 வாட் என்றே வை. தினம் நாலு மணி நேரம், இரண்டு மாதம்: 72 யூனிட். இலவச 100 யூனிட்டில் முக்கால்வாசி இதுவே தின்றுவிடும். ஏசி ஓடுகிற வீட்டில் ஸ்லாப் ஏறிவிடும். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிரேம் ரேட்டை 120க்குக் கட்டிப்போட்டால் கார்டு கொஞ்சம் ஓய்ந்து ஓடும், அறைச் சூடும் குறையும்.

செப்டம்பர் 23

'ஜிஎஸ்டி குறைந்துவிட்டதே, மானிட்டர் விலை இறங்குமா' என்று கேட்கிறார்கள். நேற்று முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி, மானிட்டருக்கு. நம் 24, 27 இன்ச் ஏற்கனவே 18இல்தான் இருந்தது. கார்டு, பிராசசர், ரேம் எல்லாம் அதே 18. காத்திருந்து பலனில்லை.

டிசம்பர் 6

ஜூலை 26 விலைப்பட்டியலைப் பார்த்து இப்போது யாரும் கடைக்குப் போக வேண்டாம். ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறுகிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் தேவையான நினைவகத்தைச் செய்வதில்தான் கம்பெனிகளுக்கு லாபம், அதனால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. இந்த வாரம் மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டியும் சேர்ந்து ஏறுகிறது.

அதனால் என் வரிசையில் ஒரு மாற்றம். இப்போது முழுசாக வாங்கப் பணம் போதாதவர்கள் மானிட்டரை மட்டும் வாங்கி லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த ரேம் கலவரம் மானிட்டரை அவ்வளவாகத் தொடவில்லை. பெட்டி பிறகு.

'அப்போ தம்பியிடம் சொன்னதற்கு நேர் எதிர்தானே' என்று யாராவது கேட்பதற்கு முன்னால்: அவன் டிவியைக் கட்டிக்கொண்டு மானிட்டரை ஒத்திப்போடப் பார்த்தான். நான் ஒத்திப்போடச் சொல்வது பெட்டியை.

2026 ஜனவரி 10

பொங்கல் போனஸை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார்: ஒரே 8 ஜிபி ஸ்டிக்கில் ஆரம்பித்து, விலை இறங்கியதும் இன்னொன்று சேர்க்கலாமா?

வேலரண்ட் மட்டும் என்றால் சமாளிக்கலாம். புதிய பெரிய கேம்களுக்கு 8 ஜிபி பத்தாது, அடிக்கடி திக்கும். அதற்குப் பதில் பழைய டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு தேடுங்கள். மேம்படுத்துகிறவர்கள் கழற்றிப்போட்டது இன்னும் நியாயமான விலைக்கு அகப்படுகிறது. லேப்டாப் ஸ்டிக் நீளத்தில் பாதிதான் இருக்கும், அது டெஸ்க்டாப் போர்டில் சேராது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். பழசு என்றால் கடையிலேயே போட்டு மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு சுற்றாவது ஓட்டச் சொல்லுங்கள். நேரமில்லை சார் என்றால் வேறு கடை.